சி6 காயமும் 62 படிகளும்: தோட்டத்து லயம் ஒன்றிலிருந்து நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் தம்பிக்கு வயது 26. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், அப்பா, அம்மா, அப்பாயி, ஓ.எல். படிக்கும் தங்கச்சி, இவர் என்று ஐந்து பேர் ஒரே காம்பராவில் (அறையில்) இருக்கிறார்கள். நிழல் மரத்தில் கிளை இறக்க ஏறியவர் விழுந்து கழுத்தில் அடிபட்டது. மருத்துவக் குறிப்பில் 'சி6, ஏ வகை' என்று இருந்தது. அதாவது ஆறாவது கழுத்து நரம்பு மட்டத்தில் முழுமையான காயம், அதற்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேலே எழும்பும். முழங்கையை நீட்டிப் பிடிக்கிற தசைக்கு சி7 வேண்டும், அது போய்விட்டது. விரல்கள் தாமாக ஒன்றும் செய்யாது. அவரும் வீட்டாரும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிறவர். என் கருத்தை முன்னாடியே போட்டு உடைத்துவிடுகிறேன். மலையில் ஒருவருக்கு உதவு சாதனம் கொடுப்பதற்கு முன்னால் அவர் வீட்டுப் பாதையில் இறங்கிப் பார்க்க வேண்டும், அந்தப் பாதையில் அவரைத் தூக்கிப் போகப் போகிறவர்களையும் சாதனத்தின் ஒரு பாகமாகவே கணக்கெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் கொடுக்கிற எந்தச் சாமானும், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஆறு மாதத்தில் இஸ்தோப்பு (வராந்தா) மூலைக்குப் போய்விடும்.

வீடும் பாதையும்

இலங்கையில் முள்ளந்தண்டுக் காயக்காரர்களுக்கு நீண்டகாலப் பயிற்சி தருகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ராகமவில் ஒன்று, கண்டிப் பக்கம் திகணவில் ஒன்று. பொதுவாகவே புனர்வாழ்வு வார்டு என்றால் சமதரை, அகலக் கதவு, பிடித்துக்கொள்ளக் கம்பி, கூப்பிட்டால் வர ஆள். நாற்காலி தள்ளப் பழகுவதற்கு அதுதான் சரியான இடம். பழகி முடித்துவிட்டு வருகிற இடம்தான் வேறு மாதிரி.

ரோட்டிலிருந்து இவருடைய லயத்துக்கு இறங்க 62 படி. மண்ணை வெட்டிக் கல் பதித்தவை, மழைக்காலத்தில் பாசி ஏறிக் கிடக்கும். படிக்குச் சராசரி 7 அங்குலம் என்று வைத்தால் மொத்தம் 434 அங்குல இறக்கம். சக்கர நாற்காலிச் சரிவுக்கு எங்கும் சொல்கிற கணக்கு 1க்கு 12, அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆக 434 அடிக்குச் சரிவுப்பாதை, நடுநடுவே ஓய்வு மேடையோடு. தேயிலை நிரைகளுக்கு நடுவில் அந்த நீளத்துக்கு யார் இடம் விடுவார்?

காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, தங்கச்சியின் படிப்பு மேசை, மேலே கொடியில் துணி. நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி விட்டம் வேண்டும். இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்தது இரண்டே முக்கால் அடி. காம்பராவுக்கும் இஸ்தோப்புக்கும் இடையே நாலு அங்குல வாசற்படி, இஸ்தோப்பிலிருந்து வெளியே இன்னும் இரண்டு படி. கக்கூஸ் லயக்கோடியில், குந்துகிற வகை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஒரு நன்கொடை நிகழ்வில் சக்கர நாற்காலி கிடைத்திருக்கிறது. மேடை, மாலை, படம் எல்லாம் எடுத்திருக்கிறார்கள், அளவு மட்டும் எடுக்கவில்லை. இருக்கையின் அகலம் 18 அங்குலம், இவர் இடுப்பு 14. மெத்தையும் கிடையாது, தொய்ந்த ரெக்சின் மட்டும். உடம்பை நிமிர்த்திப் பிடிக்கத் தசை இல்லாத ஆள் அகல நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிவார், சரிந்த பக்கத்து உட்காரும் எலும்பில் பாரம் முழுக்க இறங்கும், அங்கே வலி தெரியாது, தெரியாததால் நகர மாட்டார், புண் வரும். வந்தது. நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார், நாற்காலி இஸ்தோப்பில் விறகுக்குத் தாங்கலாக நின்றது.

இது இந்த ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 1993இல் அமெரிக்காவில் 227 பேரிடம் எடுத்த ஆய்வு ஒன்றை எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள்: அவர்களுக்குக் கிடைத்த சாதனங்களில் 29.3 சதவீதம் கைவிடப்பட்டிருந்தன. காரணமாகக் கண்டவற்றில் இரண்டு, பயன்படுத்தப் போகிறவரின் அபிப்பிராயத்தைக் கேட்காததும், சாதனம் ரொம்பச் சுலபமாகக் கைக்கு வந்து சேர்ந்ததும். 2022இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட அறிக்கையில் 250 கோடிப் பேருக்கு மேல் ஏதாவது ஓர் உதவு சாதனம் தேவை, அதில் கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்குக் கிடைப்பதில்லை என்று இருக்கிறது. கிடைத்தும் விறகு தாங்குகிறவை எந்தப் பக்கத்துக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை.

என்ன வேணும் என்று கேட்டது

நான் பயன்படுத்தியது கனடாவில் உருவாக்கிய ஒரு செயல் அளவுகோல். எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள், அது எவ்வளவு முக்கியம், இப்போது எப்படிச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று ஆளிடமே கேட்டு 1 முதல் 10 வரை புள்ளி வாங்குவது. 2 புள்ளி ஏறினாலே கவனிக்கத்தக்க மாற்றம் என்று எடுத்துக்கொள்வோம்.

நான் பேச ஆரம்பித்ததுமே அம்மா இடையில் வந்தார். "எப்ப மிஸ் நடப்பான்?" முழுமையான காயம், காலம் கடந்துவிட்டது, நடக்க மாட்டார் என்று சுற்றிவளைக்காமல் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், நானும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறொருவர் பூசி மெழுகிச் சொல்லப்போய்த்தான் அவர்கள் நாட்டு வைத்தியத்துக்கு நகையை அடகு வைத்தார்கள்.

தம்பியின் பட்டியலில் ஐந்து இருந்தன. ரொட்டியைத் தன் கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். போனை யாரையும் கூப்பிடாமல் பார்க்க வேண்டும். இஸ்தோப்பில் உட்கார வேண்டும், "லயத்துல என்ன நடக்குதுன்னே தெரிய மாட்டேங்குது." கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். ஏதாவது நாலு காசு சம்பாதிக்க வேண்டும். நடப்பது அதில் இல்லை. அம்மா இருந்ததால் சொல்லவில்லையோ என்று அப்புறம் தனியாகவும் கேட்டேன். "அது நடக்கும்போது நடக்கட்டும் மிஸ், மொதல்ல ரொட்டியப் பாப்போம்" என்றார்.

விரலும் எண்ணெயும்

ரொட்டிக்குப் போவதற்கு முன் ஒரு வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அப்பாயி தினமும் காலையில் நல்லெண்ணெய் சூடாக்கிப் பேரனின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி, உள்ளங்கை தட்டையாகும்வரை நிமிர்த்திவிடுவார். பாசத்தோடு செய்கிற வேலை. ஆனால் சி6 கைக்கு அது கெடுதல்.

ஏன் என்று சொல்கிறேன். விரல்களை இயக்கும் தசைநார்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் போகின்றன. மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல் மடக்கும் தசைநார் இழுபட்டு விரல்கள் தாமாகவே உள்ளே சுருளும், பெருவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் போய் ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் விரல்கள் விரியும். நீங்களே கையைத் தளர்த்தி வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம். சி6 ஆளுக்கு மணிக்கட்டைத் தூக்கும் பலம் இருப்பதால், செத்துப்போன விரல்களை வைத்தே ஒரு பிடி கிடைக்கும். ஆனால் அந்தத் தசைநார் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் பிடி. மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் நீட்டி நீட்டி இழுத்தால் தசைநார் தளர்ந்துவிடும், அப்புறம் மணிக்கட்டு எவ்வளவு எழும்பினாலும் விரல் சுருளாது.

அப்பாயியிடம் நிறுத்துங்கள் என்றால் அவர் நிறுத்தப் போவதில்லை, அவருக்கு அந்தக் காலை நேரம் வேண்டும். அதனால் முறையை மாற்றினோம். விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல் மடங்கியிருக்க வேண்டும். "ரெண்டும் ஒண்ணா நிமிரக் கூடாது" என்று அப்பாயி தானே ஒரு வாய்பாடு செய்துகொண்டார். கட்டிலில் கையூன்றும்போதும் இதே விதி, விரல்கள் மடங்கிய நிலையில்தான் ஊன்ற வேண்டும். எண்ணெய் தொடர்கிறது. இரவில் ஒரு மெல்லிய துணிப்பட்டையால் விரல்களைச் சுருட்டிக் கட்டி வைத்தோம், பிடி தேறியது.

குழாய்த்துண்டில் ஒரு பட்டை

கரண்டி, பல்துலக்கி, போன் குச்சி எல்லாவற்றுக்கும் எங்கள் துறையில் ஒரு பொதுப் பட்டை உண்டு. உள்ளங்கையைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும், அதில் இருக்கும் சின்ன உறைக்குள் எதை வேண்டுமானாலும் செருகலாம். வைத்தியசாலையில் இதை இளஞ்சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகட்டில் செய்வோம். அது வெளிநாட்டுச் சாமான், 2022 நெருக்கடியில் கண்ணிலேயே காணோம், இன்றும் எண்ணித்தான் வெட்டுகிறோம். அதனால் இவருக்கு நாலு அங்குல பீ.வி.சி. குழாயின் மிச்சத் துண்டில் செய்தோம்.

நெருப்பில் நேராகக் காட்டக் கூடாது, பீ.வி.சி. கருகினால் வருகிற புகை நெஞ்சை அரிக்கும். கொதிக்கிற தண்ணீரே போதும். இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 96க்குக் கிட்டவே கொதித்துவிடும், ஆனாலும் குழாய் இளக 80 சொச்சம் போதுமாக இருப்பதால் அடுப்பில் சருவச்சட்டியை வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டிய வளையத்தை ஒரு பக்கம் திறந்து, இடுக்கியால் தண்ணீருக்குள் பிடித்து, தளர்ந்ததும் எடுத்துத் துவாயால் துடைத்து, துணி சுற்றிய அப்பாவின் கையில் முதலில் வைத்து வடிவம் பார்த்தோம். அப்பாவின் கைதான் அச்சு, ஏனென்றால் தம்பியின் உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கம் சூடு தெரியாது. ஆறிய பிறகுதான் தம்பிக்குப் போட்டுப் பார்த்தோம், அவருக்கு ஒரு நூல் பெரிது, இரண்டாம் தடவை சரியாக வந்தது. ஓரங்களைத் துணி துவைக்கும் கல்லில் தேய்த்தது தங்கச்சி. உள்ளே பழைய இறப்பர் செருப்பின் தோல் ஒட்டினோம், கட்ட வெல்குரோ.

வெல்குரோ நுனியில் நாடாவால் ஒரு வளையம் தைத்தது அம்மாவின் யோசனை. அதைப் பல்லால் கவ்வி இழுத்து அவரே மாட்டிக்கொள்வார், அவரே கழற்றுவார். இந்த ஒரு வளையம் இல்லாவிட்டால் பட்டை இருந்தும் யாரையாவது கூப்பிட வேண்டும். முதல் வாரம் இருபது நிமிடத்துக்கு ஒருதரம் கழற்றித் தோலைப் பார்க்கச் சொன்னேன். சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மறையாவிட்டால் அந்த இடத்தை மறுபடி இளக்கி விரிக்க வேண்டும்.

சரி, ரொட்டி. அதற்குப் பட்டை தேவைப்படவே இல்லை, கரண்டி வேண்டாம் என்பதுதான் அவர் ஆசையே. கோதுமை மா ரொட்டியை அம்மா கொஞ்சம் கனமாகத் தட்டி, விரல் அகலத்துக்குக் கீற்றாக வெட்டி வைப்பார். கையைத் தொங்கவிட்டு விரல் விரிந்ததும் கீற்றின் மேல் இறக்குவார், மணிக்கட்டைத் தூக்குவார், பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே கீற்று மாட்டும், அப்படியே சம்பலில் தொட்டு வாய்க்கு. தட்டு விளிம்பு உயர்ந்த ஸ்டீல் தட்டு, அடியில் ஈரத்துணி, நகராது. சோறுதான் இன்னும் தகராறு. அதைப் பட்டையும் கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறார், "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே.

எழுதுவதற்கு ஒரு கைத்தாங்கி செய்தோம், அவருக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டோம். ஆனால் கையெழுத்து மட்டும் பழகினார், வங்கியில் பெருவிரல் ரேகை வைக்க மாட்டேன் என்ற பிடிவாதத்தில். பட்டையில் பேனா செருகி இரண்டு எழுத்தும் ஒரு கோடும்.

போன்

பணம் செலவழிக்காமல் அதிகம் கிடைத்தது இதில்தான். சுண்டுவிரலின் பக்கவாட்டால் தொடுதிரையைத் தட்ட அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் செய்தது அமைப்புகளை மாற்றியது மட்டும்: அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்கினேன், திரையிலேயே பெரிய பொத்தான்களோடு வரும் அணுகல் பட்டியலைத் திறந்து வைத்தேன். பக்கவாட்டில் இருக்கும் ஒலிப் பொத்தானை அழுத்த அவருக்கு விரல் இல்லை அல்லவா. கட்டில் சட்டத்தில் வளைகிற தாங்கி ஒன்று மாட்டினோம்.

அப்புறம் குரல் தட்டச்சு. கூகுள் விசைப்பலகையில் 'தமிழ் (இலங்கை)' என்று தனியாகவே இருக்கிறது. பேசினால் எழுத்தாகும், ஆனால் ஐந்து பேர் இருக்கும் காம்பராவில் பக்கத்து வீட்டு டீவியும் சேர்ந்து எழுதும். 'பெரட்டு', 'மடுவம்' போன்ற தோட்டத்துச் சொற்களை அது என்னென்னவோ ஆக்கியது, அவர் சிரித்துக்கொண்டே திருத்துவார். காலையில் எல்லோரும் மலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு நன்றாக வேலை செய்தது.

அதிலிருந்துதான் சம்பாத்தியம் வந்தது, நான் திட்டமிட்டது இல்லை. தோட்டத்தில் ஆவணப் பிரச்சினை இல்லாத வீடே கிடையாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) புத்தகத்தில் இன்னொரு எழுத்து. தம்பி ஏ.எல். படித்தவர், சிங்களமும் பேசுவார். மனு எழுதிக் கொடுங்கள் என்று முதலில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார், அப்புறம் மேல் லயத்திலிருந்து. போனில் சொல்லி எழுதி, ரோட்டுக் கடைக்கு அனுப்பி அச்செடுக்கச் சொல்லுவார். மற்றவர்கள் போனுக்கு ரீலோடும் (ரீசார்ஜ்) போடுகிறார். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன், அவர் போன் செலவும் தங்கச்சியின் டியூஷன் காசில் ஒரு பங்கும் தேறுகிறது. சிலர் காசு தருவதில்லை, பலாக்காய் தருகிறார்கள்.

மெத்தையும் மலைக்காற்றும்

புண் ஆறிய பிறகு பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தர் மூலம் 15 அங்குல நாற்காலி ஒன்று வந்தது, கூடவே காற்றறைகள் கொண்ட மெத்தை. இதில் மலைநாட்டு ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மெத்தையை அளந்து காற்றடித்தது கொழும்புப் பக்கம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அடைத்து வைத்த காற்று மலை ஏற ஏற விரியும், மெத்தை கல்லாகிவிடும். கல்லான மெத்தையில் எலும்பு அமிழாது, மேலேயே நின்று அழுத்தும். புண் வராமலிருக்க வாங்கிய மெத்தையே புண்ணைக் கொண்டுவரும்.

சரிபார்ப்பது சுலபம். ஆள் உட்கார்ந்த பிறகு மெத்தைக்கும் அவருக்கும் இடையே கையை விட்டு, உட்காரும் எலும்பின் அடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எலும்புக்கும் மெத்தையின் அடித்தளத்துக்கும் இடையே அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் இருந்தால் போதும். அதிகமிருந்தால் காற்றைத் திறந்து விடு, எலும்பு அடித்தளத்தில் தட்டினால் காற்றடி. அப்பா இப்போது இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். மெத்தை எதுவானாலும் பாரத்தை அடிக்கடி மாற்ற வேண்டும், அதற்கு அவர் நாற்காலியின் பின்கைபிடியில் ஒரு கையைக் கொக்கி போட்டு முன்னால் குனிந்து கிடப்பார். போனில் அரைமணிக்கொரு அலாரம்.

குளிர் இன்னொரு விஷயம். இந்த மட்டத்துக் காயத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே காக்காது, நடுங்கவும் செய்யாது. தை மாசக் குளிரில் வீட்டார் செய்வது அடுப்படிக்கு நகர்த்துவதும் சுடுதண்ணிப் போத்தலைக் காலடியில் வைப்பதும்தான். உணர்ச்சி இல்லாததால், போத்தல் சுட்டுக் கால் வெந்துபோகும்வரை யாருக்கும் தெரியாது. போத்தலை அடியோடு நிறுத்தினோம், கம்பளிக் காலுறையும் அடுக்கடுக்காகப் போர்வையும். அடுப்படியில் சிமெந்துத் தரையில் ஒரு கோடு போட்டு நாற்காலிச் சக்கரம் அதைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம்.

மலம் கழிக்க, நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரை, திரைச்சீலை, ஒரே நேரம். காலைச் சூட்டுத் தேத்தண்ணி குடித்த இருபது முப்பது நிமிடத்தில் குடல் வேலை செய்யும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். இதற்கு மேல் இங்கே எழுத அவர் விரும்பவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தோம், தமிழிலும் சிங்களத்திலும். நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டுக் காயம் உள்ளவருக்குத் திடீரென்று தலை வெடிப்பது போல வலித்து, முகம் சிவந்து வியர்த்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறுகிறது என்று அர்த்தம். படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வை, இறுக்கமான உடையைத் தளர்த்து, சிறுநீர் வடிய மாட்டியிருக்கும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார். இவருக்கு வழக்கமான அழுத்தமே குறைவு என்பதால் சாதாரண ஆளுக்குரிய எண் இவருக்கு ஆபத்தான எண்ணாக இருக்கலாம் என்பதையும் எழுதினோம். ஒரு முறை அந்த அட்டை வேலைக்கு வந்தது, குழாய் மடங்கித்தான் இருந்தது.

தூக்குகிறவர்கள்

காம்பராவுக்குள் கட்டில் போட்ட திசையை மாற்றினோம், வாசற்படிக்கு நாலடி நீளத்தில் எடுத்து வைக்கக்கூடிய பலகைச் சரிவு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர மெழுகுதிரி தேய்த்து வழுவழுப்பாக்கிய பலகை ஒன்று, ஒரு ஆள் துணைக்கு இருந்தால் போதும். இஸ்தோப்பு வரை வந்துவிட்டார். மிச்சம் 62 படி.

தோட்டத்தில் நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிப் போவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. கழுத்துக் காயக்காரரை அப்படித் தூக்க முடியாது. இவருடைய கூட்டாளிகள் முன்பே ஒரு தடவை சாதாரணமாக நாற்காலியோடு தூக்கப் பார்த்திருக்கிறார்கள், கைத்தாங்கியைப் பிடித்துத் தூக்க, அது கழன்று கையோடு வந்திருக்கிறது. கழற்றக்கூடிய எதையும் பிடிக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

ரோட்டில் இருக்கும் வெல்டிங் கடைக்காரரோடு பேசினோம். நாற்காலிச் சட்டத்தில் வெல்டிங் வைத்தால் சட்டம் பலவீனமாகும், அதனால் யூ வடிவ ஆணியால் இறுக்குகிற கொக்கி நாலு, அதற்குள் நுழைகிற மாதிரி இரண்டு இரும்புக் குழாய். கோயில் சப்பரம் தூக்குகிற மாதிரி முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். பையன்கள் வருஷா வருஷம் சப்பரம் தூக்குகிறவர்கள் என்பதால் அடி ஒத்துப்போவதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: இடுப்புப் பட்டி மாட்டாமல் தூக்காதே, சிறுநீர் சேரும் பையைக் காலி செய்து குழாய் நசுங்காமல் பார், இறக்கத்தில் இறங்கும்போது அவர் முகம் மலைப் பக்கம் இருக்கட்டும், மழை பெய்தால் போகாதே. முதலில் ஐம்பது கிலோ உர மூட்டையை நாற்காலியில் கட்டி ஏற்றி இறக்கினோம். அப்புறம்தான் அவர்.

திருவிழாவுக்குப் போனார். காப்புக் கட்டிய நாள் போய், தேர் அன்றும் போனார்.

இதில் பலவீனம் எங்கே என்றால், தூக்குகிற பையன்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இரும்புக் குழாய் துருப்பிடிக்க நாளாகும், ஆள் ஒரே மாதத்தில் மாறிவிடுவார். அதனால் நாலு பேருக்கு எட்டுப் பேராகப் பெயர் எழுதி, புதிதாகச் சேர்கிறவருக்குப் பழையவர் மூட்டையை வைத்துப் பழக்கிவிடுவது என்று வைத்திருக்கிறோம். தோட்ட நிர்வாகத்திடம் படிகளுக்கு ஒரு பக்கம் கைபிடிக் கம்பி கேட்டோம். வாயால் சரி என்றார்கள், கம்பி இன்னும் வரவில்லை. சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது, பொதுக் கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல், ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை உறுதிப்படுத்தியது 2016இல். லயத்துப் படி பொதுக் கட்டடமும் இல்லை, குடியிருப்பவரின் சொந்தச் சொத்தும் இல்லை.

புள்ளிகள்

முள்ளந்தண்டுக் காயத்துக்கென்றே ஒரு சுயசார்பு அளவீடு இருக்கிறது, மொத்தம் 100, அதில் 40 நடமாட்டத்துக்கு. இந்த வேலையெல்லாம் செய்த பிறகு இவருக்கு நடமாட்டத்தில் ஏறியது 3 புள்ளி. கோப்பில் உள்ள எண்ணை மட்டும் பார்க்கிறவர், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். கேட்டார்கள்.

அவரே போட்ட புள்ளி வேறு. ரொட்டி: செய்வது 1லிருந்து 6, திருப்தி 1லிருந்து 8. போன் 2லிருந்து 8. இஸ்தோப்பு 1லிருந்து 7. சம்பாத்தியம் 1லிருந்து 3, அதில் அவருக்குத் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. திருவிழாவுக்குச் செய்வதில் 5, திருப்தியில் 9 போட்டார். தூக்கித்தானே போனார்கள், எப்படி 9 என்று கேட்டேன். "தேரயும் தூக்கித்தான் போறாங்க மிஸ்" என்றார். சுயசார்பு என்றால் தனியாகச் செய்வது என்று எங்கள் படிவங்கள் வைத்திருக்கும் அர்த்தம் இந்த மலையில் பாதிக்குத்தான் பொருந்துகிறது, அதனால் இனிமேல் இப்படிப்பட்ட கோப்புகளில் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன்.

இப்போது நிற்கிற இடம்

வலது தோளில் வலி தொடங்கியிருக்கிறது, முழங்கை நீட்டும் தசை இல்லாததால் எல்லாப் பாரமும் தோளில் விழுகிறது. பலகையில் நகரும் தடவைகளைக் குறைத்துப் பார்க்கிறோம். மெத்தையில் ஓர் அறை கசிகிறது, சைக்கிள் பஞ்சர் ஒட்டு தற்காலிகமாகத் தாங்குகிறது, மாற்று மெத்தைக்கு மனு போயிருக்கிறது. அந்த மனுவை எழுதியது அவரே.

குடும்பத்தின் பெயர் காணியோடு வரும் தனி வீட்டுப் பட்டியலில் இருக்கிறது. இடம் இன்னும் கொஞ்சம் மேலே, ஆனால் ரோட்டு மட்டத்தில் ஒரு துண்டைக் கேட்டிருக்கிறோம். அத்திவாரம் போடுவதற்கு முன்பே வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி அளவுகளைக் கொடுத்தாயிற்று: கதவு மூன்றடி, வாசற்படி எங்கும் கிடையாது, கக்கூஸ் வீட்டுக்குள், அதன் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே ஐந்தடிக்கு ஐந்தடி வெற்றிடம், இஸ்தோப்பிலிருந்து ரோட்டுக்கு 1க்கு 12. மேசன் பாஸ் அளவைப் பார்த்துவிட்டு, கக்கூஸ் என்னத்துக்கு இவ்வளவு பெருசு என்று கேட்டிருக்கிறார். தம்பி அவரை லயத்துக்கு வரச் சொல்லி, நாற்காலியைத் திருப்பிக் காட்டப் போகிறார்.